சீட்டுக்கடியில் பூனை

இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டிரைவரக்கா சாவியை விட்டுவிட்டு இரண்டு நொடி பொறுத்து மறுபடி திருப்பினாள். மறுபடியும் சுற்றியது, மறுபடியும் பிடிக்கவில்லை. மணி ஏழே முக்கால். விடியும் முன்பே குளித்து, தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டு, முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள். பக்கத்து சீட்டில் காகிதங்கள் வைத்த உறை. பத்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் வாகனப் பிரிவில் வண்டியோடு போய் நிற்க வேண்டும். வண்டியைப் பார்ப்பார்கள், ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் அன்றைக்கே கையெழுத்து. காலையில் நர்சுகளை அவரவர் வீட்டிலிருந்து கூட்டிப்போய் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வேலை. ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம்.

அந்த ஆறு மணிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி சவாரியில், பார்க்க மரியாதையாக இருந்த ஒருவன், ஆளில்லாத ரோட்டில் பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவள் கழுத்தில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் வண்டியை நேராக ஒரு பெட்ரோல் பங்கு வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும், சும்மா விளையாட்டுக்கு என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். வீட்டுக்கு வந்து புருஷனிடம் மட்டும்தான் சொன்னாள். பெண்ணுக்குக்கூடத் தெரியாது. பகல் சவாரியை மட்டும் நம்பினால் வீடு ஓடாது என்பதால் அடுத்த ராத்திரியும் போனாள், அதற்கடுத்த ராத்திரியும் போனாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தே பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிக் காதில் விழுந்தது.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன். வண்டி எடுக்க மாட்டேங்குது" என்று கூப்பிட்டாள். பதற்றப்படவில்லை. அவள் எதற்குப் பதற வேண்டும்? அவள் புருஷன் அந்த வட்டாரத்துக்கே காதுக்காரர். பெயர் என்னவோ இருந்தது, பட்டப்பெயர் வந்து அதை விழுங்கி இருபது வருஷமாகிறது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, எந்த பேரிங் போயிருக்கிறது, எவன் ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிற ஆள். சொந்தமாக ஷெட் வைத்திருந்தார். முதுகுத்தண்டில் இரண்டு வட்டு நழுவி, குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது என்று ஆனபோது மூன்று வருஷத்துக்கு முன் மூடிவிட்டார். இப்போது அவர் கைபடுகிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான்.

மற்ற வண்டிகளுக்கும் சேர்த்து இதைப் பார்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவள் வந்து வண்டியை நிறுத்தினால், அவள் இறங்குவதற்குள் பானெட் திறந்திருக்கும். உள்ளங்கையை இன்ஜினுக்கு மேலே அரை சாண் உயரத்தில் வைத்து, "இன்னைக்கு மேடு நெறைய ஏறினியா?" என்பார். "ஏன், வண்டி உங்ககிட்ட கோள் சொல்லுதா?" என்பாள் அவள். மனைவியிடம் காலெல்லாம் வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதுதான் அந்தக் கேள்வி என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

காதுக்காரர் பழைய பனியன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக வந்தார். ராத்திரி பெய்த தூறலில் தெரு சொதசொதவென்று இருந்தது.

"ஈரம் ஏறியிருக்கும். பேட்டரி டல்லா இருக்கும்" என்றார்.

"நல்லாத்தானே சுத்துது?"

"சுத்தற மாதிரிதான் இருக்கும். நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். பேட்டரி முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டினார். "நேரா அடி. நடுவுல நிறுத்தாத, ஒரே மூச்சா அடி." அடித்தாள். இன்ஜின் மடமடவென்று சுற்றியதே தவிர, பிடிப்பேனா என்றது.

அதற்குள் எதிர்வீட்டுப் பால்வண்டிக்காரர் காலை வேலையை முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், வாய்தான் மூடாது. "என்னண்ணே, டாக்டர் வீட்லயே காய்ச்சலா?" என்று ஆரம்பித்தவர், தன் வண்டியைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தி, பேட்டரிக்குப் பேட்டரி கேபிள் போட்டுக் கொடுத்தார். அவருடைய டீசல் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் அவர் பேசினார். தன் மச்சான் வண்டிக்குள் எலி புகுந்து வயரைத் தின்ற கதை, ஒருத்தன் பெட்ரோலே இல்லாமல் மூன்று மெக்கானிக்கை மாற்றிய கதை, எல்லாம் வந்தது. காதுக்காரர் உம் கொட்டிக்கொண்டே வேலை பார்த்தார்.

"அடி."

அடித்தாள்.

"ம்ஹூம். பிளக்கப் பாக்கலாம்."

நான்கு பிளக்குகளையும் கழற்றினார். கழற்றியதை எல்லாம் தட்டில் வரிசையாக வைப்பது அவர் வழக்கம். எந்தச் சாமானையும் வெறும் தரையில் வைக்க மாட்டார். சின்னச் சாமானாக இருந்தால் பனியன் துணியில் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார், தூசி படக் கூடாது. பிளக்குகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது டிரைவரக்காவின் வெள்ளைச் சட்டையில் இடுப்புக்கு மேலே கறுப்பாக ஒரு விரல்தடம் விழுந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். அது பரவி ஒரு கை அகலம் ஆனது.

மணி எட்டே முக்கால். ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து முழுசாக முக்கால் மணி நேரம். காலையில் போட்ட டீ சமையலறையில் ஆறிக் கிடந்தது. அவித்த முட்டையை உரிக்கக்கூட இல்லை.

"ஏங்க, ஆட்டோ பிடிச்சாவது போகட்டுமா?"

"வண்டிய பாக்கணும்னுதான வரச்சொன்னாங்க? ஆட்டோவக் காட்டப் போறியா?"

"அக்கா, தள்ளிப் பாத்துருவோம்" என்றார் பால்வண்டிக்காரர்.

பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டுத் தள்ளினார்கள். பால்வண்டிக்காரர், பக்கத்துத் தையல்கடைக்காரர், சைக்கிளில் போன யாரோ ஒருவர். காதுக்காரர் முதுகு காரணமாகத் தள்ளவில்லை, பக்கத்தில் நடந்துகொண்டே "ரெண்டாவது கியர்ல போடு, இப்ப கிளட்ச விடு" என்று சொன்னார். வண்டி குலுங்கிக் குலுங்கித் தெருமுனைவரை போய் நின்றது. வேர்த்து விறுவிறுத்து எல்லோரும் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "பாவம், அந்தம்மாவுக்கு இன்னைக்கு முக்கியமான நாளாமே" என்று தையல்கடைக்காரர் சொன்னபோது டிரைவரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. காதுக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டு, பிளக்குகளைத் திரும்பக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பால்வண்டியின் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. பால்வண்டிக்காரரின் மச்சான் கதையும் திரும்ப வந்தது. அப்போதுதான் ஜன்னலில் பெண்ணின் தலை தெரிந்தது. காலேஜ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், இந்த ரகளையில் எங்கே படிப்பது?

"அப்பா, பூனை கத்துச்சா?"

அந்த வீட்டில் அது ஒரு சங்கேதம். சாவியைப் பாதி திருப்பினால், இன்ஜின் சுற்றுவதற்கு முன், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி உர்ரென்று ஒரு சத்தம் வரும். டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றிவிடுகிற பம்பு அது. பெண் ஆறு வயதில், ஷெட்டுக்கு வந்த ஏதோ ஒரு வண்டியில் அதைக் கேட்டுவிட்டு, சீட்டுக்கடியில் பூனை படுத்திருக்கிறது, இறக்கிவிடுங்கள் என்று அழுதாள். அன்றிலிருந்து அது பூனைதான். எடுக்காத வண்டி எதுவாக இருந்தாலும் காதுக்காரருக்கு முதல் கேள்வி அதுதான், பூனை கத்துச்சா. அதைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். அதைக் கேட்கும்போது யாரும் மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை வண்டிக்குச் சொந்தக்காரரையே, வாய் ஓயவில்லை என்று தெருமுனை டீக்கடைக்கு விரட்டிவிட்டவர்.

"கத்துச்சு, கத்துச்சு. நீ போய்ப் படி" என்றார் காதுக்காரர்.

டிரைவரக்கா சாவியில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கத்தவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதைக் கேட்கவில்லை. முதல் தடவை அவசரத்தில் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் நேரா அடி, நடுவில் நிறுத்தாதே என்றார். டீசல் வண்டியைப் பக்கத்திலேயே ஓடவிட்டார். ஈ பறந்தால் முறைக்கிற மனிதர், பால்வண்டிக்காரரை ஒன்றரை மணி நேரமாகப் பேசவிட்டு உம் கொட்டிக்கொண்டிருக்கிறார். நன்றாகச் சுற்றுகிற இன்ஜினுக்கு பேட்டரியைத் தேய்க்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவளுக்கு இது கண்ணில் படாமல் போயிற்றே. இந்த மனிதர் சமைத்ததைப் பற்றிப் பொய் சொல்வார், முதுகுவலியைப் பற்றிப் பொய் சொல்வார். ஒரு வண்டியின் சத்தத்தைப் பற்றி இவர் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"தம்பி, உங்க வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"ஏங்க்கா, சார்ஜ் ஏறிட்டு..."

"ஆஃப் பண்ணுங்க தம்பி."

தெரு அமைதியானது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவள் சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினாள். விளக்குகள் எரிந்தன. பின்சீட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. தூக்கிய பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரலிடை சந்து இருந்தது, அது வழியாகக் காதுக்காரரின் கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்பேனரைப் பிடித்திருந்த கை அசையாமல் அப்படியே நின்றது.

இறங்கிப்போனாள். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அவர்தான் சொல்லிக்கொடுத்தது, எந்த ரிலே எதற்கென்று. தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சாமான், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது அதுதான். அந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருந்தது.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க."

"எத?"

"பூனைய."

காதுக்காரர் பால்வண்டிக்காரரைப் பார்த்தார். பெண்ணின் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையில் கைவிட்டுச் சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். பனியன் துணி, நான்காக மடித்திருந்தது. பெண்டாட்டியின் பிழைப்பில் கைவைத்த சாமானுக்கும் தூசி படக் கூடாது அவருக்கு.

"பாத்திரம் கழுவ வேண்டியிருக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, கேபிளைச் சுருட்டக்கூட நிற்காமல் பால்வண்டிக்காரர் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் வாய் மூடி அந்தத் தெரு பார்த்தது அன்றைக்குத்தான்.

"எப்ப எடுத்தீங்க?"

"ராத்திரி. நீ தூங்கினப்புறம்."

"எதுக்கு?"

பனியன் துணியைத் தோளிலிருந்து எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எதுக்குங்க? எனக்கு நேரமில்ல, சொல்லுங்க."

"அந்தப் பேப்பர முழுசாப் படிச்சியா நீ?"

"படிச்சேன்."

"மூணாவது பக்கம்? வண்டிய அவங்க ஷெட்லதான் பாப்பாங்களாம். பானெட்டுக்கு சீல் வெச்சிருவாங்களாம். வெளியாள் தொறந்தா வேலை கேன்சல்னு போட்டிருக்கு. வெளியாளாம். நான் வெளியாளா?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

"அப்புறம்? ஷெட்ட மூடினதுக்கப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு சொல்லு. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். நீ வந்து நிறுத்துனா அரை மணி நேரம் நானும் ஒரு மனுஷன். அதையும் சீல் வெச்சுட்டா? இன்னைக்கு ஒரு நாள் தவறிட்டா வேற ஆளப் பாத்துப்பாங்க, நம்ம பாட்டுக்கு நாம இருக்கலாம்னு நெனச்சேன்."

"நம்ம பாட்டுக்குன்னா, நான் ராத்திரி சவாரி போய்க்கிட்டு."

"அப்படி நெனக்கல."

"அன்னைக்கு ராத்திரி வந்து உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவன் கைய எங்க வெச்சான்னு சொன்னேன்?"

காதுக்காரர் பனியன் துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. எங்க வெச்சான்?"

"கழுத்துல."

"ஞாபகம் இருந்துதான் இத எடுத்து மடிச்சு வெச்சீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "எடுத்தது கூடப் பரவாயில்ல. ஏதோ புத்தி போச்சுன்னு விட்ரலாம். ரெண்டு மணி நேரமா என்னை உக்கார வெச்சு அடி, அடின்னு சொன்னீங்களே. அந்த மனுஷங்க சேத்துல நின்னு தள்ளுனாங்க. நான் அழுதேன், பாத்தீங்க. பாத்துட்டு பிளக்கத் தொடச்சீங்க. எப்படிங்க முடிஞ்சுது?"

"பாதில சொல்லிரலாம்னுதான்..."

"ஊர் வண்டிக்கெல்லாம் காது வெச்சுக் கேட்டீங்க. எனக்கு நல்லா காதுல பூ சுத்திட்டீங்க."

பிளக்குகளை அவரே மாட்டினார். மளமளவென்று, ஐந்து நிமிஷத்தில். அந்த வேகத்தைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ரிலேயை அவள்தான் அழுத்திப் பொருத்தினாள், அவரைத் தொடவிடவில்லை. சாவியைப் பாதி திருப்பியதும் சீட்டுக்கடியில் பூனை கத்தியது. மீதி திருப்பியதும் வண்டி பூப்போலப் பிடித்துக்கொண்டது. மணி ஒன்பது முப்பத்தைந்து.

போகிற வழியெல்லாம் சிக்னல். ஒவ்வொரு சிவப்பிலும் அவளுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. பின்சீட்டுக்காரனின் கை இல்லை, பானெட் சந்து வழியாகத் தெரிந்த கை. அவனாவது முன்பின் தெரியாதவன்.

வாகனப் பிரிவில் போய் நின்றபோது பத்து இருபத்தைந்து. மேசைக்குப் பின்னாலிருந்த சூப்பர்வைசர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் சட்டையில் இருந்த கறையைப் பார்த்தார்.

"பத்து மணின்னு சொல்லியிருந்தமே. என்னாச்சு?"

டிரைவரக்காவுக்கு வாய் வரை வந்தது, வண்டி எடுக்கவில்லை என்று. சொன்னால் என்ன ஆகும்? எடுக்காத வண்டியையா எங்களுக்குத் தரப் பார்க்கிறீர்கள் என்பார். அதுவுமில்லாமல், ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நடுவழியில் நிற்காத வண்டி. அந்த மனிதர் செய்த காரியத்துக்கு அந்த மனிதரின் கைவேலையைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

"வீட்ல ஒரு சின்னப் பிரச்சனை சார்."

"வீட்டுப் பிரச்சனை எல்லார் வீட்லயும் இருக்கும்மா. தெனமும் காலைல நர்சுங்க ரோட்ல நின்னுட்டிருப்பாங்க, அங்க வந்து இத சொல்ல முடியாது பாருங்க." கடுமையாகச் சொல்லவில்லை அவர். "உங்களுக்கு அடுத்து இருந்தவரு வண்டிய எடுத்தாச்சு. நம்பர் குடுத்துட்டுப் போங்க."

நம்பர் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். கிளம்புகிற அவசரத்தில் பெண் வந்து முட்டையைக் காகிதத்தில் சுற்றி உறைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பசி கண்ணைக் கட்டியது. உரித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகாமல், ஊரின் மறுகோடியில் அவளை யாருக்கும் தெரியாத ஒரு ஷெட்டுக்கு விட்டாள்.

"பானெட்டுக்குப் பூட்டு போடணும். உள்ள லீவர இழுத்தாலும் தொறக்கக் கூடாது. சாவி போட்டாத்தான் தொறக்கணும்."

அங்கிருந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். தூக்கியவன் உடனே வேலையைத் தொடங்கவில்லை. குனிந்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"யாருக்கா இந்த வண்டியப் பாக்கறது? ஒன்பது வருஷ வண்டின்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க. ஒவ்வொரு வயரையும் எப்படிக் கட்டியிருக்கு பாருங்க."

"எங்க வீட்டுக்காரர்."

"அப்படியா? அப்புறம் பூட்டு எதுக்கு? பேட்டரி கீட்டரி திருட்டுப் போச்சா?"

"போச்சு. போடுங்க தம்பி."

பூட்டு மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் இரண்டு சவாரி கிடைத்தது, போனாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஆறு. அவள் ஆசைப்பட்ட அதே ஆறு மணி.

காதுக்காரர் வாசலில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்து, சட்டை மாற்றி, என்னவோ ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னது அவரைத்தான் என்பது மாதிரி இருந்தார். டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கப் பயந்து, பழகின கையைக் கதவு வழியாக உள்ளே விட்டு லீவரை இழுத்தார். டக் என்றது. முன்னால் போய் பானெட்டைத் தூக்கினார். வரவில்லை. விரலை விட்டுத் தடவினார். குனிய முடியாமல் குனிந்து சந்துக்குள் பார்த்தார். உள்ளே புதிதாக ஒரு எஃகுப் பூட்டு மினுங்கியது.

நிமிர அவருக்கு நேரம் பிடித்தது. நிமிர்ந்து, மூடிய பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தகடு வழியாகக் கொஞ்சம் சூடு வந்திருக்கும்.

"மேடு நெறைய ஏறினியா?" என்றார்.

"ஆயில், தண்ணி எல்லாம் இனிமே நானே பாத்துக்கறேன்."

"வேலை?"

"வேற ஆளுக்குப் போயிருச்சு. நீங்க நெனச்ச மாதிரிதான்."

அவள் டீயை நின்றபடியே குடித்து முடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது, அவர் எப்போதும் சரியாகத்தான் போடுவார். டம்ளரை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கறை படிந்த சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே உள்ளே நடந்தாள்.

"கொஞ்சம் படுத்து எந்திரிக்கறேன். எட்டே முக்காலுக்கு எழுப்பி விடுங்க. ஒன்பது மணிக்கு ஒரு சவாரி ஒத்துக்கிட்டேன்."

"ராத்திரியா?" என்றார் காதுக்காரர்.

"ராத்திரிதாங்க" என்றாள்.